எல்லைக்கோட்டின் இருபுறமும் எஃகு

1704-ஆம் ஆண்டில் ஜான் மார்ட்டின் வெந்தெல் என்பவர், லொரேன் பகுதியின் ஃபென்ஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அயாஞ் என்னும் சிற்றூரின் இரும்பு உலைகளை விலைக்கு வாங்கினார். 1727-இல் லொரேன் கோமகன் அவருக்குப் பிரபுப் பட்டம் அளிக்க, தெ வெந்தெல் வம்சம் உருவாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் கைநழுவிய அவ்வுலைகளை 1803-இல் மீட்டவர் அவருடைய கொள்ளுப்பேரர் பிரான்சுவா. அவர் 1825-இல் காலமான பின்பு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த ஸ்தாபனத்தின் தலைமையில் வீற்றிருந்தவர் அவர் மனைவி ஜோசஃபீன் அம்மையார். அவ்வம்மையாரின் பேரரும், 1844-இல் பிறந்தவருமான ஆன்ரி தெ வெந்தெலின் வாழ்க்கையே ஈண்டு நாம் காணப் புகுவது.

1870-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தந்தை ஷார்ல் மறைந்தார். கோடையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது; பிரான்சு தோற்றது. மறு ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, அயாஞ் உலைகளும், மொயவ்ர் பட்டறைகளும், ஷார்ல் தாமே ஒரு நகரமாக எழுப்பிய ஸ்டிரிங் ஆலையும், அவற்றுக்கு எரிபொருள் தந்த நிலக்கரிச் சுரங்கங்களும் ஒருசேர ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் போயின. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்தாபனம் ‘பிரான்சுவா தெ வெந்தெலின் பேரர்கள்’ என்ற பெயரில் புதிதாக அமைக்கப்பட்டது. எண்பது வயதைக் கடந்த பாட்டியார் அதைக் கண்ணாரக் கண்ட பின்னரே, 1872-இல் கண்மூடினார். நாட்டின் பெயர் மாறினும் பாட்டனாரின் பெயர் மாறலாகாது என்ற வம்சாபிமானத்தை அப்பெயரில் நான் காண்கிறேன்.

அரசியல் இழைத்த இடுக்கண் இதுவாயின், பூமி வைத்திருந்த சோதனை வேறு. லொரேன் மண்ணில் ‘மினெத்’ எனப்படும் இரும்புத்தாது மலைமலையாய்க் கிடந்தது. ஆயினும் அதில் பாஸ்பரஸ் கலந்திருந்தமையால், 1856-இல் பெஸ்ஸெமர் கண்ட முறைப்படி காய்ச்சினால் கிடைத்த எஃகு குளிர்ந்தவுடன் நொறுங்கும் இயல்பினதாயிற்று. இவ்விடரைத் தீர்த்தவர் பெருந்தொழில் மேதை எவரும் அல்லர். பகலெல்லாம் லண்டன் போலீஸ் நீதிமன்றத்தில் எழுத்தராய் உழைத்து, மாலை வேளைகளில் ரசாயனம் பயின்ற சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்னும் இளைஞரே. எஃகு காய்ச்சும் கலத்தின் உட்புறத்துக்கு அமிலத்தன்மையுள்ள மணற்கல்லை விடுத்து டோலமைட் பூச வேண்டும், உருகிய இரும்போடு சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கண்ட உபாயம். அடியிலிருந்து காற்றை ஊதுகையில் முதலில் கரி எரிந்து தீர்ந்து, கலத்தின் வாயில் ஓங்கி நின்ற சுடர் சட்டென்று தாழும்; பழைய முறையில் அத்துடன் ஊதுவதை நிறுத்திவிடுவர். தாமஸ் முறையிலோ, சுடர் அடங்கிய பிறகும் சில நிமிஷங்கள் விடாது ஊதவேண்டும். அந்தச் சில நிமிஷங்களில்தான் பாஸ்பரஸ் எரிந்து சுண்ணாம்போடு கூடிக் கசடாய் மிதந்து வரும். அக்கசடும் வீண்போகாமல், பொடியாக்கப்பெற்று உழவர்க்கு எருவாயிற்று. ஓர் ஏழை எழுத்தரின் விடாமுயற்சி ஒரு மாகாணத்தின் விதியையே மாற்றியதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது. அவரோ 1885-இல், முப்பத்து நான்கே வயதில் மறைந்தார்.

அம்முறை இங்கிலாந்தில் வெற்றிபெற்ற 1879-ஆம் ஆண்டிலேயே ஆன்ரியும் அவர் தம்பி ரொபேரும் அதன் உரிமையைப் பெற்றனர். அயாஞ்சில் வார்த்த எஃகு பிரான்சுக்குள் செல்ல இனிச் சுங்கம் செலுத்தவேண்டும் என்பதால், ஷ்னைடர் என்னும் பிரெஞ்சு எஃகு ஸ்தாபனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து, ஓர்ன் ஆற்றங்கரையில் எல்லைக்கு இப்பால் பிரெஞ்சு மண்ணிலிருந்த ஜெஃப் என்னும் ஊரில் 1880-இல் புதிய ஆலைக்கு அடிகோலினர். ஒரே குடும்பத்தின் உலைகள் இரு நாடுகளுக்கும் எஃகு வார்த்தன. இருப்புப்பாதைக்கு அளித்த அதே எஃகு பீரங்கிக்கும் ஆகும் என்பதை மறப்பதற்கில்லை.

ஆன்ரி 1881 முதல் 1890 வரை, இணைப்பை ஏற்காத லொரேன் மக்களின் பிரதிநிதியாக ஜெர்மன் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்; தம்பி ரொபேரோ 1898 முதல் 1903-இல் இறக்கும்வரை பிரெஞ்சு இரும்புத் தொழிலதிபர் சங்கத்துக்குத் தலைவராயிருந்தார். இதனை இரட்டை வேடம் என்று பழித்தோர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உலையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு ஊர்விட்டுப் போக இயலாதே! எனினும் தொழிலாளரின் வீடு, பள்ளி, கோயில் அனைத்தும் முதலாளியின் கொடையாகவே இருந்த அவ்வூர்களில், முதலாளியை எதிர்த்துப் பேசும் சுதந்திரம் அருகியே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1906-இல் ஆன்ரி மறைந்தார். எல்லைக்கோடு அப்போதும் அழியவில்லை. அவருடைய மக்களான பிரான்சுவா, உம்பேர், மொரீஸ் மூவரும் தொழிலை ஏற்க, மூத்தவர் பிரான்சுவா 1914-இல் ஜெஃப் ஆலை இருந்த பிரெஞ்சு மாவட்டத்திலிருந்து பாரிஸ் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டிலேயே அடுத்த யுத்தம் மூண்டது. அதன் முடிவில், 1918-இல், அயாஞ் மீண்டும் பிரான்சின் வசமாயிற்று.