டிஎன்எஸ் வினவல்வழிப் பழுதறிதல்

இணையதளமோ மின்னஞ்சலோ முடங்கும்போது, டொமைன் பெயர்களுக்குரிய முகவரிகளைச் சொல்லும் நேம் சர்வர்களிடம் நேரடியாகக் கேள்வி அனுப்பிக் கோளாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்டறியும் முறை. பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் (டொமைன் பெயர் முறைமை), ரூட், உயர்நிலை டொமைன், தனி டொமைன் என மேலிருந்து கீழாகப் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. பழுதையும் அதே வரிசையில் தேட வேண்டும். 'டிக்', 'என்எஸ்லுக்அப்' ஆகியவை இதற்கான கருவிகள். முன்னதே அதிக விவரம் தரும்.

ரூட் சர்வர்கள் 13 பெயர்களில் இயங்கினாலும் அவற்றின் பிரதிகள் உலகெங்கும் உள்ளன. 2005இல் நிக்ஸி என்னும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகத்தின் ஆதரவோடு, அந்த 13இல் ஒன்றான எஃப் ரூட்டின் பிரதி சென்னையில் அமைந்தது. அதற்காக ஆவடியிலிருந்து போகும் கேள்வி சென்னைப் பிரதிக்கே போகும் என்று சொல்ல முடியாது. அது இணைய நிறுவனத்தின் ரூட்டிங்கைப் பொறுத்தது. 'கேயாஸ்' வகுப்பில் 'ஹோஸ்ட்நேம்.பைண்ட்' என்று கேட்டால், பதில் சொன்ன பிரதியின் பெயரை விமான நிலையக் குறியீட்டோடு எஃப் ரூட் தரும். ஆனால் ரூட்டில் கோளாறு என்பது மிக அரிது.

சிக்கல் பெரும்பாலும் கீழ்மட்டத்தில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்று தன் தளத்தைப் புதிய நேம் சர்வருக்கு மாற்றுகிறது என்று கொள்வோம். முதலாளிக்குப் புதிய பக்கம் தெரிகிறது, பூந்தமல்லி வாடிக்கையாளருக்குப் பழையதே தெரிகிறது. வாடிக்கையாளருக்காகத் தேடிப் பதில் தரும் ரிசால்வரிடம் அடுத்தடுத்துக் கேட்டால் பதிலில் உள்ள டிடிஎல் எண் (பதிலைச் சேமித்து வைக்கக்கூடிய நொடிகள்) நொடிக்கு நொடி குறையும். அது சேமித்து வைத்த பழைய பதில் என்பதற்கு அதுவே சாட்சி. ரிசால்வரை விட்டு, '.இன்' சர்வரிடம் அந்த டொமைனின் என்எஸ் (நேம் சர்வர்) பதிவைக் கேட்க வேண்டும். அது காட்டும் ஒவ்வொரு சர்வரிடமும், டொமைன் தகவலின் வரிசை எண்ணைக் கொண்ட எஸ்ஓஏ பதிவைக் கேட்க வேண்டும். வரிசை எண்கள் வேறுபட்டால் ஒரு சர்வருக்குப் புதுத் தகவல் போய்ச் சேரவில்லை. 'ரெஃப்யூஸ்டு' என்றாலோ, அதிகாரப்பூர்வப் பதில் என்று காட்டும் 'ஏஏ' குறி பதிலில் இல்லாவிட்டாலோ, அந்த சர்வரில் டொமைனே ஏற்றப்படாமல் இருக்கலாம்.

'என்எக்ஸ்டொமைன்' (அப்படியொரு பெயர் இல்லை) வந்தால் எழுத்துப்பிழையையும் டொமைன் காலாவதியையும் முதலில் பார்க்கலாம். 'சர்வ்ஃபெயில்' (சர்வர் தோல்வி) வந்து, சரிபார்ப்பைத் தவிர்க்கும் 'சிடி' குறியோடு கேட்டால் மட்டும் பதில் கிடைத்தால், பதில்களைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பில்தான் பிழை.

நேம் சர்வர் மாற்றத்துக்கு முன்பே டொமைன் உரிமையாளர் தன் பதிவுகளின் டிடிஎல்லை 300 நொடியாகக் குறைத்துவிடுவது நல்லது. '.இன்' போன்ற உயர்நிலை டொமைனை நடத்தும் பதிவகத்தின் என்எஸ் பதிவில் உள்ள டிடிஎல்லை மட்டும் அவர் மாற்ற முடியாது. எனவே பழைய நேம் சர்வரை இரண்டு நாளாவது நிறுத்தாமல் ஓடவிட வேண்டும்.