இழை எண்ணிப் பூக்கும் கலை

துணியில் இயற்கையின் வடிவங்களைக் காட்டும் வழிகள் பல. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். மரபான சுங்குடி முறையில் துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சிட்ட இடங்கள் விண்மீன்கள் போல வெண்புள்ளிகளாக நிற்கும். இது சாயத்தால் ஆகும் கலை. ஊசியாலும் நூலாலும் ஆகும் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நீலகிரியில் வாழும் தோடர் பெண்களின் பூத்தையலாகும்.

தோடர்கள் போர்த்தும் வெண்ணிறப் பருத்திப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் சிவப்பும் கறுப்புமான நூல்களால் எருமைக் கொம்பு, முயற்காது, மலை, பூ, விண்மீன் முதலிய வடிவங்களைத் தைக்கின்றனர். துணியில் முன்கூட்டிக் கோடு வரைவதில்லை, அச்சுப் பதிப்பதில்லை, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதும் இல்லை. பிறகு, வடிவம் பிழையின்றி அமைவது எப்படி?

விடை எண்ணிக்கையில் இருக்கிறது. நெய்த துணி என்பது பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் ஒரு கட்டப்பரப்பு. ஊசி ஓர் இழையைத் தாண்டலாம், இரண்டைத் தாண்டலாம், ஒன்றரை இழையைத் தாண்ட இயலாது. ஆகவே, கொம்பின் வளைவு இங்கே படிப்படியாக ஏறும் சாய்கோடாக மாறுகிறது. வரைபடத்தாளில் கட்டங்களை நிரப்பி ஒரு வட்டம் அமைத்துப் பாருங்கள். இந்த மாற்றம் உடனே விளங்கும். கணினித் திரையில் புள்ளிகளால் உருவம் அமைவதும் இதே முறையில்தான். ஒரு வரிசையில் ஓர் இழை தவறினால் அடுத்த வரிசைகளும் விலகிவிடும். இடமும் வலமும் ஒத்திராது. தைப்பது துணியின் பின்புறத்திலிருந்து. நூலைச் சற்றே தளர விடுவதால் மறுபுறத்தில் தையல் புடைத்து எழுகிறது. அதனால் அது தைத்தது போலன்றி நெய்தது போலவே தோன்றும்.

ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் 1901–02இல் தோடர்களிடையே ஆய்வு நடத்தி, 1906இல் வெளியிட்ட நூலில் பெண்களின் இந்தத் தையல் வேலையையும் குறித்துள்ளார். ஆனால் அவ்வடிவங்களைத் தந்த நிலம் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்த சீகை மரமும் தைல மரமும், அவற்றோடு தேயிலைத் தோட்டங்களும் பரவப் பரவ, எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் சுருங்கின, எருமைகளும் குறைந்தன.

2011 கணக்கெடுப்பின்படி தோடர்கள் ஏறத்தாழ 2000 பேரே. 2013இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்திரத்தில் அச்சிட்ட துணியைத் தோடர் பூத்தையல் என்று கூறி விற்பதைத் தடுக்க இச்சட்டம் உதவும். அது காப்பது பெயரை மட்டுமே. இழை எண்ணும் திறன் தாயிடமிருந்து மகளுக்குச் செல்ல வேண்டும். கொம்பின் வளைவைக் கண்ணால் காண எருமையும், அது மேயப் புல்வெளியும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் எந்தச் சான்றிதழும் தந்துவிடாது.