பள்ளியும் பகுத்துணர்வும்

அறிவு பிறப்பால் வருவது என நெடுங்காலம் நமக்குச் சொல்லப்பட்டு வந்தது. அக்கூற்றுக்கு மாறான வரலாறு ஒன்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

சோவியத் உளநூல் அறிஞர் லூரியா, வைகாட்ஸ்கியோடு கலந்து திட்டமிட்டு, 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களில் ஆய்வு நடத்தினார். கூட்டுப்பண்ணைகளும் எழுத்தறிவு வகுப்புகளும் அங்கே புதிதாய்ப் புகுந்த காலம் அது. சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என வினவினார். எழுத்தறியா உழவர்கள், கட்டையின்றி ரம்பத்துக்கு வேலை ஏது என்று நான்கையும் ஒன்றாகவே வைத்தனர். சிறிது காலமே பயின்று பண்ணைப் பணியிலும் இருந்தோர், மூன்றைக் கருவி என்னும் பொதுச்சொல்லுள் அடக்கிக் கட்டையை விலக்கினர். பனி மூடிய வடபுலத்துக் கரடிகள் யாவும் வெண்ணிறத்தன. நோவாயா செம்லியா அவ்வடபுலத்தது. அங்குள்ள கரடியின் நிறம் யாது என்றபோது, காணாததைச் சொல்லோம் என்றனர் முன்னவருள் பலர். இதனை மடமை என்று நாம் கொள்ளோம். பொய்ச்சாட்சி சொல்ல மறுக்கும் நேர்மையும் அதில் உண்டு.

இரு சாராரும் ஒரே மண்ணின் மக்கள். இடையே வந்தவை படிப்பும் புதுத்தொழிலுமே. பள்ளிவாயில் அடைக்கப்பட்டிருந்த நமக்கு இது சிறு செய்தியன்று. அம்மக்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தமையால், ஆய்வு முழுநூலாக வெளிவர 1974 ஆயிற்று.

எழுத்து மட்டும் இம்மாற்றத்தைச் செய்யுமோ? லைபீரியாவின் வை இனத்தார் தமக்கென ஓர் எழுத்து உடையவர். அதனைப் பள்ளியின்றியே கற்பவர். அவர்களை ஆய்ந்த ஸ்கிரிப்னரும் கோலும், அவ்வெழுத்தறிவு மட்டும் பொதுவான சிந்தனை மாற்றத்தைத் தரவில்லை என்றும், தம் விடைக்குக் காரணம் கூறி விளக்கும் திறன் பள்ளி சென்றோரிடமே மிகுந்திருந்தது என்றும் 1981இல் எழுதினர். ஏன் என்று ஆசிரியர் கேட்பதும், மாணவன் எழுந்து விடை கூறுவதும் நாள்தோறும் நிகழும் இடம் வகுப்பறையன்றோ!