உரோமப் படையிற் புதியோர் நிலை: தெரிவும் விலக்கும்

உரோமரின் படைப்பெருமையை விரித்துரைக்கும் நூல்கள் பல. ஆயின் படைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவன் சின்னாளிலேயே தகுதியற்றவனெனக் காணப்படின் அவன் நிலை யாது என்பதை அவை பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. உரோமச் சட்ட அறிஞரோ இதனைச் சிறு பொருளாகக் கருதினாரல்லர். இலத்தீன் மொழியில் ‘திரோ’ எனப்பட்ட புதியவன் எந்நாளிற் போர்வீரன் ஆனான் என்ற வினா, அவன் உயிரையும் உடைமையையும் தொட்டு நின்றது.

தெரிவு ஒரே நாளில் முடிந்த செயலன்று. முதலில் வயது, உடல்நலம், பிறப்புரிமை என்பன ஆராயப்பட்டன. அதில் தேறியவன் உறுதிமொழி கூறி, பின்னர் ஓர் அணியின் பெயரேட்டிற் பதியப்பட்டான். முந்திய நூல்களைத் தொகுத்துப் படைக்கலை பற்றி எழுதிய வெகேதியசு என்பார், தெரிந்தவுடனே புதியவன் உடலிற் படைக்குறியைப் பொறித்தலாகாது என்கின்றார். பயிற்சியினாற் சோதித்த பின்னரே அதனைப் பொறித்தல் வேண்டும். தோற்றத்தில் ஏற்றவர்போற் காணப்பட்டோர் பலர் பயிற்சியில் தகுதியற்றோராகின்றனராதலின், அவரை நீக்கி வலியோரை அவரிடத்தில் அமர்த்துதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கூறும் பயிற்சிக்காலம் 4 மாதமோ அதனின் மிக்கதோ ஆகும். பயிற்சியிற் பின்தங்கியோர்க்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை அளந்தனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். வயிற்றின்வழி அறிவுறுத்தும் முறை பழையதுதான் போலும்!

பதிவு நிகழ்ந்தவாற்றை எகிப்திலே ஒக்சிரிங்கசு என்னும் ஊரிற் கிடைத்த பப்பிரசு ஓலையொன்று காட்டுகின்றது. கி.பி. 103ஆம் ஆண்டில் எகிப்தின் ஆள்பதி மினிசியசு இத்தாலசு, தாம் ஏற்றுக்கொண்ட புதியோர் அறுவரைப் பெப்ரவரி 19ஆம் நாள் முதலாகப் பெயரேட்டிற் சேர்க்குமாறு ஒரு துணைப்படையணியின் தலைவருக்கு எழுதினார். அறுவரும் 20 முதல் 25 வரையான வயதினர். ஒவ்வொருவர் பெயருடனும் அடையாளமுங் குறிக்கப்பட்டுள்ளது: ஒருவனுக்கு இடப்புருவத்தில் வடு, மற்றொருவனுக்கு இடக்கையில் வடு, வேறொருவனுக்கு அடையாளம் யாதுமில்லை. அம்மடல் 24ஆம் நாளிற் பெறப்பட்டது. அந்த ஏட்டில் ஏறும்வரை ஒருவன் உழவனுமல்லன், போர்வீரனுமல்லன்.

அவ்விடைநிலையில் நின்ற இருவர் பற்றிய வழக்கொன்று பிளினியின் மடல்களுள் உளது. சின்ன ஆசியாவின் வடபாலுள்ள பித்தினியா–பொந்தசு மாகாணத்தில் அவர் ஆள்பதியாயிருந்த காலத்தில், கி.பி. 110க்கும் 113க்கும் இடையே, புதியோருள் இருவர் அடிமைகள் என்பது வெளிப்பட்டது. அடிமை படையிற் சேர்தல் மரணதண்டனைக்குரிய குற்றம். அவர்கள் உறுதிமொழி கூறிவிட்டனர். எனினும் அணிகளிற் பதியப்பட்டிலர். பிளினி ஐயுற்றுத் தண்டனையை நிறுத்திவைத்துப் பேரரசன் திராஜனுக்கு எழுதினார்.

திராஜன் விடுத்த மறுமொழி கூர்மையானது. அவர்கள் எவ்வாறு வந்தனர் என்று முதலில் ஆராய்க என்றான். அரசு அவர்களைத் தெரிந்தெடுத்திருப்பின் பிழை ஆராய்ந்தோர் மேலது. பிறர்க்கு மாற்றாக அனுப்பப்பட்டிருப்பின் குற்றம் அனுப்பியோருடையது. தம் நிலை அறிந்தும் தாமாகவே வந்திருப்பின் அவர்களே தண்டிக்கப்படல் வேண்டும். அணியிற் பதியப்படாமை பெரிதன்று. ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்நாளிலேயே தம் பிறப்பு நிலையை உள்ளவாறு உரைக்க அவர்கள் கடமைப்பட்டிருந்தனர் என்பது அவன் தீர்ப்பு.

இனி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் வாழ்ந்த உல்பியன் கூற்றை இதனோடு ஒப்பு நோக்குக. வழக்கமான சட்டச் சடங்குகளின்றி இறுதிமுறி எழுதும் சலுகை போர்வீரர்க்கு இருந்தது. பெயரேட்டிற் பதியப்பட்ட நாள் முதலாகவே அச்சலுகை உண்டென்றும், தெரிந்தெடுக்கப்பட்டு அரசின் செலவிலே வழிநடப்பவராயினும் பதியப்படாதோர் இன்னும் போர்வீரராகாரென்றும் உல்பியன் கூறுகின்றார். இருவரும் வேறு வேறு பொருள் பற்றிப் பேசினர். ஆதலின் இதனைத் திட்டமிட்ட வஞ்சம் என்பது மிகையாகும். எனினும் இரு விதிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், பதிவுக்குச் செல்லும் வழியிலிருந்த இளைஞன் குற்றத்துக்குப் படையினன், உரிமைக்குப் புறத்தவன். சுமை முன்னே வந்தது. பயன் பின்னே வந்தது.

பதியப்பட்டவனை நீக்குவதற்கும் முறைகள் இருந்தன. மாக்கர் என்னும் சட்ட அறிஞர் விலக்கினை மூன்றாக வகுத்தார்: பணிக்காலம் முடிந்து பெறும் மதிப்புள்ள விலக்கு, உளக்குறை அல்லது உடற்குறையால் வரும் விலக்கு, குற்றம் பற்றிய இழிவிலக்கு. இவற்றுள் இடையதில் இழிவில்லை, ஆயின் மீட்சியுமில்லை. உடல்நலம் திரும்பிற்று என்று கூறி மீண்டும் சேர வேண்டியோரை மூன்றாம் கோர்தியன் (238–244) மறுத்தான். மருத்துவர் அறிவித்து, உரிய நீதிபதி நன்கு ஆராய்ந்த பின்னரே அவர்கள் விலக்கப்பட்டனர் என்பது அவன் காட்டிய காரணம்.

வேறொரு வகையினரும் விலக்கப்பட்டனர். வழக்கொன்றில் அகப்பட்டவன், படையினன் என்ற பெயரால் எதிரிக்குத் தன்னை வலியவனாக்கிக்கொள்ளவே சேர்ந்திருப்பின் அவனை நீக்குக என்கின்றார் மெனாந்தர் என்னும் சட்ட அறிஞர். ஆனால் வழக்குள்ளோர் யாவரையும் நீக்குதல் கூடாது. அந்நோக்கம் உடையோரையே நீக்குதல் வேண்டும் என்றும் அவர் வரையறுக்கின்றார். காணி வழக்குகளிற் பழகிய ஊரார்க்கு இவ்விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

புதியவன் தவறியபோதெல்லாம் அவனை நீக்கிவிடவுமில்லை. பலர் ஒருங்கே அணியை விட்டோடிக் குறித்த காலத்துள் மீண்டால், பழைய வீரரைத் தரம் இறக்கி வெவ்வேறிடங்களுக்குப் பிரித்தனுப்புக என விதித்த மொதெசுத்தீனுசு, புதியோரைப் பொறுத்தருள்க என்றார். படையொழுக்கத்தை இன்னும் அறியாதவன் என்பதே மெனாந்தரும் புதியவனுக்காகக் கூறிய காரணம். அதே புதியவன் மறுமுறை ஓடினால் அக்குற்றத்துக்குரிய தண்டனையைப் பெற்றான்.