விண்ணோடி

நடிகர் வில்லியம் ஷாட்னர் 2021-இல், தொண்ணூறு வயதில், புளூ ஆரிஜின் கலத்தில் சில நிமிடம் மேலே போய் வந்தார். அவரும் ‘விண்வெளி வீரர்’தானா? வீரர் என்றால் முதலில் போர்க்களத்தில் நிற்பவர். பிறகுதான் கிரிக்கெட் ஆடுபவரும் வீரரானார். ககாரின், ராகேஷ் சர்மா, இந்தியாவின் ககன்யான் விண்பயணத்துக்குத் தேர்வான நால்வர் எல்லாரும் விமானப்படையினர் என்பதால் அவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தவில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குப் ‘பயணி’ போதுமே! ஆங்கில ‘அஸ்ட்ரோனாட்’டில் வீரம் கிடையாது, கிரேக்கத்தில் அது விண்மீன் மாலுமி. ரஷ்யரின் ‘காஸ்மோனாட்’டும் மாலுமியே. நம்மிடம் ‘கடலோடி’ பழகிய சொல். கப்பல் ‘ஓடும்’ என்கிறோம், விண்கலத்திலும் ‘கலம்’ இருக்கிறது. ஆகவே என் வாக்கு ‘விண்ணோடி’க்கு. அது இருபாலுக்கும் பொது என்பதால், சுனிதா வில்லியம்ஸுக்காகத் தனியே ‘வீராங்கனை’யைத் தேடவும் வேண்டாம்.