கண்டிச் சீமைக்குக் காட்டுவழி

மலைநாட்டிலே கால்நடையாய்ச் சுற்றுவது இன்று விருப்பத்துக்குரிய பொழுதுபோக்காகிவிட்டது. கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமானது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்டது. மாத்தளைக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாறைச் சரிவுகளை நாடிச் செல்வோரும் பலர். மலையேறுவது நல்ல பழக்கமே. அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால், தேயிலையையும் தொழிலாளரையும் கொண்டுசென்ற பழைய தோட்டப் பாதைகளின் மீதே பீக்கோ வழி அமைந்தது என்று அறியும்போது, அத்தொழிலாளர் மலைக்கு எவ்வழியாய் வந்தனர் என்ற கேள்வியும் எழவேண்டுமல்லவா? அவர்களுடைய வழி மலையிலே தொடங்கவில்லை. மன்னார்க் கரையிலே தொடங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து, இன்றைய வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளப் பகுதி வழியாகத் தெற்கே சென்றது.

1830களில் பிரித்தானியச் சந்தையில் கோப்பிக்கு ஏற்பட்ட கிராக்கி கண்டி மலைகளைத் தோட்டங்களாக்கிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியனவாக்க, அவை துரைமாருக்கு மலிவு விலையில் கைமாறின. நிலம் இழந்த சிங்கள விவசாயி, அந்நிலத்திலேயே கூலியாய் நிற்க மறுத்தான். அது நியாயமான மறுப்பு. துரைமாரின் கண் கடலுக்கு அப்பால் சென்றது. வரட்சியும் நிலவரியும் சாதிக்கொடுமையும் வாட்டிய மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளின் ஏழை உழவர்கள் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு தோணி ஏறினர்.

தலைமன்னாரிலும் அயற்கரைகளிலும் இறங்கியவர்களுக்கு முன்னே ஏறத்தாழ 150 மைல் நடை கிடந்தது. மன்னார், முருங்கன், மடு, செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. இன்று பெயர்ப்பலகைகளிலே படிக்கும் இவ்வூர்களுக்கு இடையில் அன்று ஆளரவமற்ற காடே பெரும்பகுதி. பழைய குளங்கள் உடைந்து தூர்ந்து கிடந்தன, குடியிருப்புகள் அருகியிருந்தன, மலேரியா ஆட்சி செய்தது. யானையும் கரடியும் சிறுத்தையும் பற்றிய அச்சம் ஒருபுறமிருக்க, உண்மையான கொலையாளி தண்ணீர்தான். குட்டைகளிற் கலங்கிக் கிடந்ததையே குடித்தனர். வாந்திபேதி பரவிற்று. நடக்க இயலாது வீழ்ந்தவரைச் சுமந்துசெல்ல ஒருவருக்கும் வலுவில்லை. கூட்டம் நின்றால் அரிசி தீரும். அரிசி தீர்ந்தால் எல்லோரும் வீழ்வர். எனவே வீழ்ந்தவர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர்.

1840களில் இவ்வாறு மாண்டோர் 70,000 பேர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அத்தொகை மிகையென்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். தொகையைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் விவாதம் ஏன் தீரவில்லை என்பதையும் எண்ணவேண்டும். கோப்பி மூட்டைகளின் ஏற்றுமதிக் கணக்கை ஆண்டுதோறும் தவறாது எழுதி வைத்த ஆட்சி, காட்டிலே வீழ்ந்த மனிதரைப் பெயர் சொல்லிப் பதிந்து வைக்கவில்லை. வழிநெடுகத் தங்குமடங்களும் நோயாளர் கொட்டில்களும் பிற்பாடுதான் எழுந்தன.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. இது ஒருமுறை மட்டும் நடந்த வழியன்று. கோப்பிக்கு அறுவடைக்காலத்திலேதான் மிகுதியான கை தேவை. அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் அதே காட்டு வழியே ஊர் திரும்பினர். மறுவருடம் மீண்டும் வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னரே நிலைமை மாறிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பறிக்கும் கையும் ஆண்டு முழுவதும் வேண்டும். குடும்பங்கள் லயன் அறைகளிலே நிரந்தரமாய்த் தங்கின. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பற்சேவை ஏற்பட, மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இரயிலும் ஓடிற்று. நடந்த தடங்களைக் காடு மூடிக்கொண்டது.

அதே இரயில் பிற்காலத்தில் எதிர்த்திசையிலே ஆட்களை ஏற்றிச் சென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. இரண்டு தலைநகரங்கள் மனிதரைப் பங்குபோட்ட விதம் இது. பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. பாட்டன் நடந்து வந்த காட்டைப் பேரன் இரயில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு தலைமன்னார்த் துறைக்குப் போனான்.

எல்லோரும் கடல் கடக்கவில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலில் அடிபட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தஞ்சமடைந்தனர். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவிலிருந்து நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. 1983இல் இருவரும் சிறைப்பட்டனர்; அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மூதாதையர் தாகத்தோடு கடந்து சென்ற வன்னிமண்ணையே வழித்தோன்றல்கள் கிணறு வெட்டிக் கொத்திப் பயிர்செய்தனர். போர் அவர்களையும் வன்னி மக்களோடு சேர்த்தே துரத்திற்று. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிக்குள்ளே அடைபட்ட இலட்சக்கணக்கானோரில் அவர்களும் இருந்தனர். பழைய கூலிவழி இம்முகாம்களுக்கு அருகிலேதான் சென்றது.

மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டாகிய 2023இல், ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் 12 வரை, மாண்புமிகு மலையக மக்கள் என்ற கூட்டமைப்பினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மீண்டும் நடந்தனர். பதினாறு நாள் நடை. தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டனர். தண்ணீருக்கும் உணவுக்கும் இம்முறை குறைவில்லை. வழியூர்களில் மக்கள் வரவேற்றனர். அவர்கள் ஏந்திச் சென்ற கோரிக்கைகளிலே வாழ்வதற்கேற்ற ஊதியம் ஒன்று. வீட்டுக்கும் பயிருக்கும் சொந்தக் காணி மற்றொன்று. மலையிலே லயன் அறையில் ஐந்தாவது தலைமுறையாய் வாழ்பவர் பலருக்கும், வன்னியிலே காடு வெட்டிக் குடியேறியவரிற் பலருக்கும், காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.