தீவகத்தில் சீனி வருத்தம்: அளந்து பார்ப்பது யார் செலவில்?

யாழ்ப்பாணத்தார் நீரிழிவைச் 'சலரோகம்' என்பர். வீட்டுப் பேச்சில் அது 'சீனி வருத்தம்'. முதற் பெயரில் ஒரு வரலாறு இருக்கின்றது. சலத்தைப் பார்த்தே நோயை அறிந்த காலத்தின் பெயர் அது.

என் வயதினர் பலருக்குப் பெனடிக்ற் கரைசல் நினைவிருக்கும். 5 மில்லிலீற்றர் நீலக் கரைசலில் 8 துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டி நிறம் என மாற மாறச் சீனி கூடுதல் என்று பொருள். மலிவான முறைதான், ஆனால் பெருங்குறை ஒன்று உண்டு. குருதியில் குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் இறங்கும். இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சீனி திடீரென இறங்கி மயக்கம் வருகின்றதே, அதைப் பற்றி இந்த நிறங்கள் எதுவும் சொல்லா. சீனி கூடினால் உடல் மெல்லக் கெடும். இறங்கினாலோ மணிக்கணக்கில் உயிர் போகலாம். நெடுந்தீவில் இருந்து கொண்டு அந்த மணிகளை எண்ணிப் பாருங்கள்.

1965இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் குருதித் துளியால் நிறம் மாறும் பட்டியைக் கொண்டு வந்தது. 1970ஐ ஒட்டி அந்த நிறத்தை அளக்கும் கருவி வந்தது. அது ஏறத்தாழ ஒரு கிலோ எடை கொண்டது, மருத்துவர்களுக்கே உரியதாயிருந்தது. வீட்டில் நோயாளியே விரலைக் குத்திப் பார்க்கும் வழக்கம் மேல்நாடுகளில் 1980களில் பரவியது. அதே 1980களில் நமது தீவகத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1985 மே 15இல் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இடையில் குமுதினிப் படகில் சென்றோர், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். வைத்தியசாலைக்குப் போகும் வழியும் அதே கடல்தான்.

1990 ஓகஸ்டில் தொடங்கிய படை நடவடிக்கையின் பின் தீவகம் படையினர் வசமாயிற்று, யாழ். நகரம் புலிகள் வசமிருந்தது. நடுவில் இருந்த பண்ணைப் பாலம் எல்லையாகிவிட்டது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். பெயராது நின்றவர்களுக்கு யாழ். போதனா வைத்தியசாலை எட்டாத இடமாயிற்று. பெயர்ந்து வந்தவர்களுக்கு வைத்தியசாலை இருந்தது, பொருளாதாரத் தடையும் இருந்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில் குளுக்கோமீற்றர் இருந்திருந்தாலும் அதற்கு உயிர் கொடுக்க வழியில்லை. மின்சாரம் இல்லை, ஆகவே குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. ஈரமணல் நிரப்பிய மண்பானையில் இன்சுலின் குப்பியை வைத்துக் காத்தார்கள்.

இன்னொரு புறக்கணிப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2005, 2006இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நோய் இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்த எண் பல ஆண்டுகள் மேடைகளிலும் அறிக்கைகளிலும் 'இலங்கையின்' எண்ணாகவே ஒலித்தது. ஆனால் அளக்கப்பட்டவை ஏழு மாகாணங்கள். போரைக் காரணமாக்கி வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. மருந்துக்கான மதிப்பீடுகள் எண்களிலிருந்து பிறக்கின்றன. எண்ணப்படாத மக்களுக்கு மதிப்பீடு எங்கிருந்து வரும்?

2011 அளவில் ஆரம்பச் சிகிச்சை நிலையங்களில், 40 வயதுக்கு மேற்பட்டோரின் குருதிச் சீனியை அளக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களைச் சுகாதார அமைச்சு தொடக்கியது. நல்ல திட்டம். எனினும் அது நோயைக் கண்டறிவதற்கானது. கண்டறிந்த பின் மெற்போமினும் இன்சுலினும் இலவசம். வீட்டில் அளந்து பார்க்கும் பட்டியோ சொந்தச் செலவு. இலவசச் சுகாதாரம் பற்றி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை, ஆனால் இந்தப் பிளவை அந்தப் பெருமை மறைத்துவிடுகின்றது. கொழும்பிலிருப்பவர் ஐயம் வந்தால் ஆய்வுகூடத்துக்கு நடந்து போவார். நெடுந்தீவார் சிறப்பு மருத்துவரைக் காண விடியலில் வெறும் வயிற்றுடன் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். காற்றுக் காலத்தில் படகு ஓடாது.

இந்த இடைவெளியைப் புலம்பெயர்ந்த உறவுகள் நிரப்புகின்றன. இதில் ஒரு சிக்கலை நான் பலமுறை கண்டிருக்கிறேன். லண்டன், ரொறன்ரோ கருவிகள் மில்லிமோலில் காட்டும். எங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுவது மில்லிகிராமில். அங்கே 7 என்பது இங்கே 126. 18ஆல் பெருக்க வேண்டும். எழுபது வயது அம்மா ஒருவர் 16 என்று கண்டால் அது கூடவா குறையவா என்று எப்படி அறிவார்? (அது 288.) ஒரு கம்பனியின் பட்டி இன்னொரு கம்பனியின் கருவிக்குப் பொருந்தாது. பட்டி முடிந்ததும் கருவி அலுமாரியில் உறங்கும்.

ரொறன்ரோ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1922 ஜனவரியில் இன்சுலின் முதன்முதல் மனிதருக்குச் செலுத்தப்பட்ட நகரம் அது. கண்டுபிடித்தோர் ஆளுக்கு 1 டொலரைப் பெற்றுக்கொண்டு காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். அளக்கும் கருவியை எவரும் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. கையில் ஒட்டி 14 நாள் தொடர்ந்து அளக்கும் உணரிகளை இங்கிலாந்தின் முதல்வகை நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் அரச செலவில் கொடுக்கலாம் என 2022 மார்ச்சில் பரிந்துரைக்கப்பட்டது. அதே மாதத்தில் இலங்கை ரூபா சரியத் தொடங்கியது. டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதங்களில் 360ஐத் தாண்டியது. பட்டிகள் எல்லாம் இறக்குமதி. லண்டனில் அண்ணன் உணரி ஒட்டிக்கொள்ள, புங்குடுதீவில் தம்பி பட்டி வாங்குவதை நிறுத்தினார்.

2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் சூரிய, காற்று மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. முன்பு சீன நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்து, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்ற திட்டம் அது. தீவுகளின் மின்சாரத்துக்கு இரு வல்லரசுகள் போட்டியிட்டன. அந்த மின்சாரம் இன்சுலின் குப்பியைக் குளிராக வைக்கும் என்பதை எந்தச் செய்தியிலும் நான் வாசிக்கவில்லை.

தீவுகளில் இன்சுலின் போடுவோர் எத்தனை பேர் என்பது அந்தந்த வைத்தியசாலைக் கிளினிக் பதிவேடுகளிலேயே இருக்கின்றது. நெடுந்தீவில் வாழ்வோரே சில ஆயிரம் பேர்தான். அவர்களில் இன்சுலின் போடுவோருக்கு மட்டுமாவது, ஒரே வகைக் கருவியும் மாதத்துக்குப் பட்டிப் பெட்டி ஒன்றும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்க மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எவ்வளவு பிடிக்கும்? கணக்குப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.